ஆளைத் தேடாதீர்கள், அட்டையைத் தேடுங்கள்

மாதவரத்தில் நம் அடுக்ககத்தில் நாயும் பூனையும் வளர்க்கிற எல்லோருக்கும்,

சி பிளாக் மூன்றாவது மாடியிலிருந்து, கருப்பி வீட்டிலிருந்து எழுதுகிறேன். முதலில் நன்றி. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் சத்தம் கேட்டு ஏழெட்டுப் பேர் வாசலுக்கு ஓடி வந்தீர்கள். ஒருவர் கார் சாவியோடு வந்தார், ஒருவர் உப்புக் கரைத்த தண்ணீரோடு வந்தார், ஒருவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டோடு வந்தார். கருப்பி பிழைத்துக்கொண்டாள். இப்போது இந்த மடலை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள்.

நன்றியோடு நிறுத்தியிருந்தால் இது மடலாகாது, லிஃப்டில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அன்று நீங்கள் சொன்ன யோசனைகளில் பாதிக்கு மேல் நாயைக் கொன்றிருக்கக்கூடியவை. நான் செய்த தவறு அவை எல்லாவற்றையும் விடப் பெரியது. இரண்டையும் எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது. நம் நான்கு பிளாக்குகளிலும் ஒன்றுக்கு மேல் பிராணி இருக்கிற வீடுகள் பல. ஒன்றின் மருந்து இன்னொன்றின் வாயில் போவது அடுத்து யார் வீட்டில் நடக்கும் என்று சொல்ல முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். சீனு, பதினோரு வயது லாப்ரடார், 32 கிலோ. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், எழுந்திருக்கவே முனகுவான். அவனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது கார்புரோஃபென் 100 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று. நாய் மறுக்காமல் தின்னவேண்டும் என்பதற்காக இறைச்சி வாசனை சேர்த்துச் செய்த மாத்திரை அது. இன்னொருத்தி கருப்பி. தெருவில் கிடைத்தவள், மூன்று வயது, சின்ன உடம்பு. அன்று மதியம் சீனுவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அட்டையை டிவி மேசையில் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். அது எனக்கு நினைவு வந்தது இரண்டு நாள் கழித்து.

ஏழு மணி தாண்டி, சோபாவுக்கு அடியில் கடித்துக் குதறிய அட்டை கிடைத்தது. அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "யாரு இதை வெளியில வெச்சது?"

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது நாய்க்கு வைத்தியம் அல்ல, பஞ்சாயத்து. மகன் அப்பாவைக் காட்டினான். வீட்டுக்காரர், மதியம் வந்து கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டினார். அவர் குழாயை மூடிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அதற்குள் நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள், யோசனைகள் தொடங்கின. கடைசியில் டாக்டருக்கு நான் போன் செய்தபோது மணி ஏழு ஐம்பது. நாற்பது நிமிடம் போயிருந்தது.

டாக்டர் பதறவில்லை. ஐந்து கேள்வி கேட்டார். மாத்திரையின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம்? எத்தனை மாத்திரை போயிருக்கும்? எப்போது தின்றது? நாயின் எடை எவ்வளவு? அதற்கு வேறு நோயோ, வேறு மருந்தோ உண்டா? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஐந்தில் எனக்குச் சரியாகத் தெரிந்தது முதலும் கடைசியும்தான். எடை? "பன்னெண்டு இருக்கும் டாக்டர், பதினஞ்சும் இருக்கலாம்." நேரம்? தெரியாது. எண்ணிக்கை? பத்து மாத்திரை அட்டை. சீனுவுக்கு நான்கு போனதா, ஆறு போனதா என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் அந்த நிமிடத்தில்கூட வழக்கு. கிடைத்த அட்டையில் புதிதாகக் கிழிந்த குழிகள் நான்கு இருந்தன. ஒரு மூலை காணவில்லை. "நாலு" என்று சொல்லிவிட்டேன்.

கருப்பியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை போனபோது வேலைக்கு வரும் பெண் பின்னாலேயே ஓடி வந்தார். கையில் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய வெள்ளிக் காகிதம். "அம்மா, ஆறே கால் இருக்கும். பால்கனி பெருக்கும்போது இது கெடந்துச்சு. இவ மென்னுகிட்டு இருந்தா. சாக்லேட்டு தாள்னு நெனச்சுட்டேன்." அட்டையின் காணாமல் போன மூலை அது. அதில் இரண்டு குழிகள், இரண்டும் காலி.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரிந்திருந்தது. குற்றவாளியைத் தேடும் வீட்டில் சாட்சி வாய் திறக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாலாம் வகுப்பு வகுத்தல்தான். ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தபோது கருப்பி சரியாக 12 கிலோ. நான்கு மாத்திரை என்றால் 400 மி.கி., கிலோவுக்கு 33. ஆறு என்றால் 600 மி.கி., கிலோவுக்கு 50. கார்புரோஃபென் நாய்க்கு வைத்தியமாகக் கொடுப்பது நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் நான்கு மி.கி.தான். இருபதைத் தாண்டினால் வயிற்றிலும் குடலிலும் புண் வரும் ஆபத்து. நாற்பதைத் தாண்டினால் சிறுநீரகம் கெடும் ஆபத்து. அதாவது நான் போனில் சொன்ன எண் ஒரு பக்கம், அந்தப் பெண் குப்பையிலிருந்து எடுத்த எண் கோட்டுக்கு மறுபக்கம். அந்த இரண்டு குழிகளால்தான் கருப்பிக்கு அன்றிரவே கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். பாதி கரைந்த மாத்திரைகளும் துண்டுகளுமாக வந்தது. பிறகு மருத்துவக் கரி கொடுத்தார்கள். கார்புரோஃபென் கல்லீரல் வழியாகப் பித்தத்தோடு மறுபடியும் குடலுக்கே வந்து, மறுபடியும் உறிஞ்சப்படும் சாதி. அதனால் கரியை ஒரு தடவைக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுப் புண் வராமலிருக்க மருந்து, இரண்டு நாள் டிரிப்ஸ், மூன்று நாளும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை. நான்காவது நாள் வீட்டுக்கு வந்து தயிர் சாதம் கேட்டாள்.

அன்று பலரும் கேட்டீர்கள்: "மனுஷ மாத்திரை இல்லையே, நாய் மாத்திரைதானே? நாய் தின்னா என்ன?" நல்ல கேள்வி, பலரை ஏமாற்றும் கேள்வி. மாத்திரை நாய்க்குத்தான், ஆனால் எந்த நாய்க்கு, எத்தனை கிலோவுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை என்பதுதான் மருந்தை மருந்தாக வைத்திருப்பது. இந்த வலி மாத்திரைகள் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. வீக்கமும் வலியும் குறைவது அதனால்தான். ஆனால் வயிற்றின் உள்சுவரைக் காப்பதற்கும், சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போவதற்கும் அதே பொருள் வேண்டும். கொஞ்சமாகத் தடுத்தால் வலி போகும். முற்றிலும் தடுத்தால் வயிறும் சிறுநீரகமும் போகும். போதாக்குறைக்கு இறைச்சி வாசனை. நாய்க்கு அது மருந்து இல்லை, டப்பா நிறையத் தின்பண்டம்.

இனி உங்கள் யோசனைகள். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. அன்பால் சொன்னவை என்று தெரியும். இன்னொரு வீட்டில் இதே அன்பு உயிரை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உப்புத் தண்ணீர். நம் பாட்டிமார் காலத்து வைத்தியம். நாய்க்கு வேண்டவே வேண்டாம். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, மூளைச் செல்களிலிருந்து நீரை இழுத்துவிடும். நடுக்கம், வலிப்பு, சாவு வரைக்கும் போகும். விழுங்கிய மாத்திரையை விட்டுவிட்டு உப்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டி வரும்.

பால், மோர், இளநீர், பச்சை முட்டை. இவை விழுங்கிய மாத்திரையை முறிக்காது. 'ஏதோ செய்துவிட்டோம்' என்ற நிம்மதியைக் கொடுத்து அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

தொண்டையில் விரல் விடுவது. நாய்க்கு இதனால் வாந்தி வருவது அரிது. உங்கள் விரலுக்குக் கடியும் அதன் தொண்டைக்குக் காயமும் மிச்சம்.

அடுப்புக்கரியைப் பொடி செய்து கொடுப்பது. மருத்துவக் கரி வேறு. அதைத் தனியாகப் பதப்படுத்தி, ஒரு கிராமுக்குள்ளேயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும்படி நுண்துளைகள் உண்டாக்கியிருப்பார்கள். மருந்தைப் பிடித்து வைப்பது அந்தத் துளைகள்தான். நம் அடுப்புக் கரிக்கும், கருகின ரொட்டிக்கும் அந்த வேலை தெரியாது. நல்ல கரியாகவே இருந்தாலும், மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு. பி பிளாக் தம்பி போனில் வீடியோ காட்டினார். வெளிநாட்டில் மருத்துவர் போனில் சொல்லச் சொல்ல, 3 சதவீதக் கரைசலை நாய்க்கு அளந்து கொடுப்பது உண்டு. அதுவே இரைப்பையில் ரத்தப் புண்ணை உண்டாக்கும் என்பதால் வேறு வழி இல்லாதபோதுதான். நம் ஊர் மருந்துக் கடையில் புண் கழுவக் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், இரண்டு மடங்கு. பூனைக்கோ எந்தச் சதவீதத்திலும் கூடாது. டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கடைசி யோசனை, மிகவும் அமைதியாகச் சொல்லப்பட்டது: "நல்லாத்தானே வாலாட்டிக்கிட்டு இருக்கு, காலையில பார்த்துக்கலாமே." எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். கருப்பி அன்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தாள். இத்தனை பேரைப் பார்த்த குஷியில் எல்லோரையும் நக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த வகை மாத்திரையில் வயிற்றுப் புண் தெரிய ஒரு நாளாகலாம், சிறுநீரகக் கோளாறு தெரிய இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகலாம். சாப்பாட்டை மறுப்பது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ஓயாமல் தண்ணீர் குடிப்பது என்று அறிகுறி தெரியத் தொடங்கும்போது, வாந்தி எடுக்க வைக்கும் நேரம் தாண்டிப் போயிருக்கும். அந்த வழி பெரும்பாலும் முதல் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குத்தான் திறந்திருக்கும்.

அப்படியானால் என்ன செய்யவேண்டும்? அன்றிரவு நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாயை மிச்சத்திலிருந்து பிரியுங்கள். வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று பிராணிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனி அறையில் விடுங்கள். யார் தின்றது என்று தெரியாவிட்டால் எல்லோரும் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்குச் சொந்தக்காரனே பங்கு வாங்கியிருக்கலாம். நாங்கள் சீனுவையும் கூட்டிக்கொண்டு போனோம்.

இரண்டாவது, அட்டையைத் தேடுங்கள். துண்டு துண்டாக இருந்தாலும் பொறுக்குங்கள். குப்பைக் கூடை, கட்டிலடி, பால்கனி, நாயின் படுக்கை எல்லாம் பாருங்கள். அட்டையிலோ டப்பாவிலோ மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். 'மூட்டு வலி மாத்திரை', 'வெள்ளை மாத்திரை' என்பதெல்லாம் டாக்டருக்கு உதவாது. ஒரே பெயரில் வேறு வேறு அளவில் மாத்திரை வரும்.

மூன்றாவது, எண்ணுங்கள். மொத்தம் எத்தனை, சொந்தக்காரனுக்குக் கொடுத்தது எத்தனை, தரையில் கிடப்பது எத்தனை. சந்தேகம் வந்தால் பெரிய எண்ணைச் சொல்லுங்கள். 'நாலோ ஆறோ' என்றால் அது ஆறுதான். இரண்டு நாய்கள் தின்றிருக்கலாம் என்றால், ஒவ்வொன்றும் முழுவதையும் தின்றதாகக் கணக்குப் போட வேண்டும்.

நான்காவது, நேரம். எப்போது தின்றது என்று தெரியாவிட்டால், கடைசியாக அட்டை முழுதாக இருந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. வீட்டில் மூன்று பேர் இருந்தால் ஒருவர் நாயோடு, ஒருவர் அட்டையோடு, ஒருவர் போனோடு. போன் செய்யும்போதே செருப்பு மாட்டிக்கொள்ளுங்கள். சாப்பாடு, தண்ணீர், கை வைத்தியம் எதுவும் டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். வழியில் வாந்தி எடுத்தால் அதையும் ஒரு பையில். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் அதில் எத்தனை மாத்திரை வந்தது என்பதும் ஒரு கணக்கு.

எல்லா நேரமும் வாந்தி எடுக்க வைப்பது வைத்தியம் ஆகாது. தள்ளாடும் நாய், மயங்கிய நாய், வலிப்பு வந்த நாய் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஏ பிளாக்கில் இருக்கும் பக் மாதிரி முகம் அமுங்கிய சாதிகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த முடிவு டாக்டருடையது.

எல்லா மருந்தும் ஒரே அளவு பயப்பட வேண்டியதும் அல்ல. ப்ரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றிரண்டை நாய் விழுங்கினால் பெரும்பாலும் தாகம், அடிக்கடி சிறுநீர், அகோரப் பசி என்று ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அந்த நாய் அதே சமயம் வலி மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு. இரண்டும் சேர்ந்தால் குடலில் புண். டாக்டரின் ஐந்தாவது கேள்வி அதற்காகத்தான். தைராக்ஸின் மாத்திரையை நாய்கள் ஓரளவு தாங்கும். ரத்த அழுத்த மாத்திரை, இதய மாத்திரை, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன் இவை அப்படியல்ல. ரத்த அழுத்தம் திடீரென்று விழும், அல்லது நாய் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போகும். எது எந்த வகை என்று நாம் தரம் பிரிக்க வேண்டாம். ஒரு போன் செய்தால் 'கவலைப்படாதீங்க, வீட்டிலேயே பார்த்துக்குங்க' என்ற பதிலும் வரலாம். அந்தப் பதில் கிடைத்தாலும் லாபம்தான்.

டி பிளாக்கில் ஆஸ்துமா பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஒரு தனி வார்த்தை. பூனைக்கு வைக்கும் சால்பூட்டமால் இன்ஹேலரை நாய் கடித்தால், இருநூறு தடவை அழுத்தவேண்டியது ஒரே பீச்சலில் வாய்க்குள் போய்விடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். சில நிமிடங்களிலேயே தெரியத் தொடங்குவது இது. அங்கே யோசிக்க நேரம் கிடையாது.

நாய் தின்றதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன், பூனைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் பூனைதான் இதில் ஏமாளி. நாயின் கழுத்தில் உண்ணிக்காகச் சொட்டு விடும் மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. அந்த நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும், அதன் முடியை நக்கிய பூனைக்கும் நடுக்கமும் வலிப்பும் வரும். பூனையின் கல்லீரலுக்குச் சில மருந்துகளை மாற்றி வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. பாராசிட்டமால் அப்படி ஒன்று. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்கூட நஞ்சாகியிருக்கிறது. நான்கு கிலோ பூனைக்கு 500 மி.கி. மாத்திரையில் பாதி கொடுத்தால் கிலோவுக்கு அறுபதைத் தாண்டும். 'காய்ச்சல் மாதிரி இருக்கு, அரை மாத்திரை கொடுத்தேன்' என்று வாட்ச்மேன் அண்ணன் தெருப்பூனையைப் பற்றி ஒருநாள் சொன்னார். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால்தான் உண்டு.

நமக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம் இருக்கிறது. நாம் நடக்கக் கூட்டிக்கொண்டு போகும் வழி அது. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கும். 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது மாட்டுக் கணக்கு. சிந்திய ஒரு மில்லியைப் பத்துக் கிலோ நாய் நக்கினால் கிலோவுக்கு ஒரு மி.கி. சாதாரண நாய்கள் பல இதைத் தாங்கிவிடும். கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற சாதிகளில் பல நாய்களால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியாது. மருந்து மூளைக்குள் புகாமல் தடுத்து வெளியே தள்ளும் ஒரு புரதம் அவற்றில் பழுதாக இருக்கிறது. அந்த மரபணுக் கோளாற்றை அமெரிக்காவில் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2001-இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு மருந்து ஏறினால் தள்ளாட்டம், கண் தெரியாமல் போவது, நாள்கணக்கில் நினைவிழப்பு. ஊசி போட்ட நாளில் தொழுவத்துப் பக்கம் நாயை விடாதீர்கள். உண்ணிக்கு மாட்டு மருந்தில் 'கொஞ்சூண்டு' நாய்க்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மாட்டுக் கணக்கில் கொஞ்சூண்டு நாய்க் கணக்கில் நிறைய.

ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாவது என்ன பெரிய விஷயமா என்று நினைப்பவர்கள் வானத்தைப் பாருங்கள். நான் சின்ன வயதில் பார்த்த பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே? மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக்தான் அவற்றைக் கொன்றது. மாடு தாங்கிக்கொண்டது. அந்த மாடு செத்தபின் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. காரணம் 2004-இல்தான் நிரூபணமானது. 2006-இல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் மிச்சமிருப்பவற்றைப் பார்க்க நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். கருப்பி தின்றதும் அதே குடும்பத்து வலி மருந்துதான். அவளுக்கு எண்ணிச் சொல்ல ஆள் இருந்தது. கழுகுகளுக்கு யாரும் இல்லை.

வந்தபின் ஓடுவதை விட வராமல் பார்ப்பது சுலபம். எங்கள் வீட்டில் இப்போது செய்வது இவ்வளவுதான். பிராணிகளின் மருந்து எல்லாம் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள், மூடி இறுக்கி, மேல் அலமாரியில். பிளாஸ்டிக் டப்பா நாய்க்குக் கடித்து விளையாடும் சாமான்தான். நம் மாத்திரையும் அவற்றின் மாத்திரையும் ஒரே இடத்தில் கிடையாது. சீனுவுக்கு மாத்திரை கொடுக்கும்போது கருப்பி அறைக்கு வெளியே, கதவு சாத்தி. இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் விழுங்கும் வரை நின்று பார்க்கிறேன். முன்பெல்லாம் தயிர் சாதத்தில் பிசைந்து தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன். சீனு மாத்திரையை நக்கி ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்பான், கருப்பி வந்து தட்டைக் கழுவுவாள். எத்தனை நாள் அவன் மாத்திரை அவளுக்குப் போயிற்றோ. கொடுத்தவுடன் காலண்டரில் ஒரு கோடு, அதனால் 'நாலா ஆறா' வழக்கு இனி இல்லை.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை இரவில் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். வேப்பேரியில் 1903-இலிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. நம் மாதவரத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வைத்தியம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டவேண்டியது எங்கே என்பதுதான் நமக்குத் தெரியாமல் போகிறது. இரண்டு எண்களை எழுதி வையுங்கள், ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று.

எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் இப்படி நடந்த நிமிடத்தில் 'யார் வெச்சது' என்று கேட்காதீர்கள். குழந்தை, வேலைக்கு வருபவர், வயசான மாமனார், யாராக இருந்தாலும் அவர்கள் கண்டதைச் சொன்னால்தான் நாய் பிழைக்கும். 'என்ன பார்த்தீங்க, எப்போ பார்த்தீங்க' என்று கேளுங்கள். நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த வெள்ளிக் காகிதம் நாற்பது நிமிடம் முன்பே என் கைக்கு வந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, டிவி மேசையில் வைத்தது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும்மா, கருப்பி சாப்பிட்டாளா?" என்றார்.

வீட்டிலேயே நாயை நிறுப்பது கஷ்டமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு எடைப் பொறியில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழியுங்கள். கருப்பி இன்று காலை 12.4 கிலோ, சீனு 31.5. இரண்டையும் மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ?

அன்புடன்,
சி பிளாக், மூன்றாவது மாடி